மறதியும் முதுமையும்: எது தளர்கிறது, எது தளர்வதில்லை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாதத்தில், இரண்டு வீடுகளில், ஒரே வாக்கியம் காதில் விழுந்தது. முதல் வீட்டில் இருப்பவர் 71 வயதுப் பெரியவர். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்கட்டணத்தைக் கைப்பேசியிலேயே கட்டிவிடலாம், சொல்லித்தருகிறேன் என்று பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "வயசாயிடுச்சும்மா, இனிமே எதுவும் மண்டையில ஏறாது" என்று கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில் இருப்பவர் 78 வயது அம்மாள். மயிலாப்பூரில் 30 ஆண்டுகளாக ஒரே பாதையில் கோயிலுக்குப் போய்வருபவர், ஒருநாள் மாலை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். அதற்கும் அவருடைய மகன் சொன்ன காரணம் அதுவேதான்: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்."

முதலாமவரால் கற்றுக்கொள்ள முடியும். வயதைச் சொல்லிக் கைவிட்டார். இரண்டாமவரை மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். வயதைச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். முதுமையில் நினைவுக்கு என்ன நேர்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாததால்தான், ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு தவறுகளும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே இதை அடியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

## ஞாபகம் என்பது ஒரே சொல், ஆனால் நான்கு வேலைகள்

மார்கழி விடியலில் வாசலில் கோலம் போடும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்து முடித்ததும் அவருடைய கை தானாக வளைந்து போகிறது. எந்தப் புள்ளியிலிருந்து எங்கே திரும்பினீர்கள் என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது. "என் கையைப் பாரு" என்பார். பள்ளியில் படித்த குறள்களைப் பிசகில்லாமல் சொல்வார். நேற்று மாலை வந்துபோன உறவினர் என்ன விசேஷத்துக்கு அழைத்தார் என்று கேட்டால் சற்றே தடுமாறுவார். வங்கியிலிருந்து வந்த ஆறிலக்க ஓடிபி எண்ணைப் பார்த்துவிட்டு, திரையை மாற்றி, அதைத் தட்டுவதற்குள் கடைசி மூன்று இலக்கங்கள் அவரிடமிருந்து நழுவிவிடும்.

இந்த நான்கையும் நாம் ஞாபகம் என்றே சொல்கிறோம். ஆனால் மூளைக்கு இவை வேறு வேறு வேலைகள். கோலத்தில் கை பழகியிருப்பது செய்முறை நினைவு. சைக்கிள் ஓட்டுவது, பூக் கட்டுவது, வீணையில் விரல் ஓடுவது எல்லாம் இதில் சேரும். குறளும், சொற்களின் பொருளும், ஊர் உலகம் பற்றித் தெரிந்துவைத்திருப்பவையும் அறிவு நினைவு. நேற்று மாலை யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று நாமே வாழ்ந்த ஒரு தருணத்தைத் திரும்பக் கொண்டுவருவது நிகழ்வு நினைவு. ஓடிபி எண்ணைப்போல, ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் வரை சில நொடிகள் மனத்தில் ஏந்திக்கொண்டிருப்பது செயல்படு நினைவு. அறிவு நினைவையும் நிகழ்வு நினைவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதை 1972-இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் தெளிவாக முன்வைத்தார்.

இவை உண்மையிலேயே வேறு வேறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் உருக்கமான ஒரு சான்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு, கடுமையான வலிப்பு நோயைக் குறைப்பதற்காக 1953-இல் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் உட்புறத்தில் இருபக்கமும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-இல் இறக்கும் வரை, புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திர வடிவத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் மேல் கோடு இழுக்கச் சொன்னார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்குமுன் செய்ததே இல்லை என்றுதான் அவர் சொன்னார். கை கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட நிகழ்வு மட்டும் எங்கும் பதியவில்லை.

இனி வயதைப் பார்க்கலாம். நல்ல உடல்நலத்தோடு மூப்படையும் ஒருவருக்குச் செய்முறை நினைவு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அறிவு நினைவு நிற்பது மட்டுமல்லாமல் வளரவும் செய்கிறது. சொல்வளம் அறுபது வயதைத் தாண்டியும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தளர்வது நிகழ்வு நினைவும் செயல்படு நினைவும்தான். "எனக்கு ஞாபகசக்தி போயிடுச்சு" என்று ஒருவர் சொல்லும்போது, நான்கில் இரண்டைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

## ஒரு நினைவு எப்படி உள்ளே போகிறது

எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா பொது நூலகத்துக்கு, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்துசேர வேண்டும். வந்த நூலைப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, உரிய அலமாரியில் வைக்கிறார்கள். பிறகு வாசகர் கேட்கும்போது எண்ணைப் பார்த்துத் தேடி எடுத்துத் தருகிறார்கள். நினைவிலும் இந்த மூன்று படிகள் உண்டு: பதித்தல், சேமித்தல், மீட்டல். நூல் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அது பதிவேட்டிலேயே ஏறாமல் இருக்கலாம்; அலமாரியில் அரித்துப் போயிருக்கலாம்; நன்றாகவே இருந்தும், தேடுபவருக்கு அகப்படாமல் இருக்கலாம். மறதி என்றதும் நாம் அலமாரியைத்தான் சந்தேகிக்கிறோம். நலமான முதுமையில் சிக்கல் பெரும்பாலும் பதிவேட்டிலும் தேடலிலும்தான் இருக்கிறது.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுகிறோமே, அதை எடுத்துக்கொள்வோம். வைத்த நொடியில் தொலைபேசி மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றியது கை, கவனம் போனது மணிச்சத்தத்துக்கு. அந்த நிகழ்ச்சி மூளையில் பதியவே இல்லை. பதியாததை மறந்துவிட்டோம் என்று சொல்வதே பொருந்தாது.

இப்போது உவமையை விட்டு மூளைக்கே வருவோம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. நரம்பணு என்பது செய்தியைக் கடத்தும் மூளைச் செல். இரண்டு நரம்பணுக்கள் சந்தித்துச் செய்தியைக் கைமாற்றும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். நாம் ஒன்றைக் கவனித்துக் கற்கும்போது, சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையிலான சினாப்ஸ்கள் வலுவடைகின்றன. சில இடங்களில் புதிதாகவும் முளைக்கின்றன. வயல்வெளியில் நடக்க நடக்க ஒற்றையடிப்பாதை விழுவதைப்போல, பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வழி பழகிப்போகிறது. கற்றல் என்பது உடலளவில் இதுதான்.

இந்த வேலையில் இரண்டு பகுதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். காதுக்கு நேர் உட்புறமாக, கடற்குதிரை வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பது ஹிப்போகாம்பஸ். அன்றன்று நடப்பவற்றின் காட்சி, ஒலி, இடம், பேச்சு எல்லாவற்றையும் ஒரே நிகழ்ச்சியாகக் கட்டிப் பதிப்பது இதுவே. மொலைசனுக்கு எடுத்துவிட்ட பகுதியில் பெரும்பங்கு இதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, எதைக் கவனிப்பது, எதைத் தள்ளுவது, தேவைப்படும்போது எங்கே தேடுவது என்று மேற்பார்வை செய்கிறது. பகலில் பதிந்தவை, இரவில் ஆழ்ந்து உறங்கும்போது மேலும் உறுதிப்படுகின்றன.

நூலக உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நூல் அலமாரியில் மாறாமல் இருக்கும். நினைவோ, ஒவ்வொரு முறை மீட்கும்போதும் துண்டுகளிலிருந்து மறுபடி கட்டப்படுகிறது. எவ்வளவு உறுதியாகச் சொல்லப்படும் நினைவிலும் பிழை இருப்பதற்கு இதுவே காரணம். அது எந்த வயதுக்கும் பொது.

இதுவரை பார்த்தது: கவனித்தால்தான் பதியும், பதிந்தால்தான் தங்கும், தங்கியிருப்பதும் தேடும் வழி சரியாக இருந்தால்தான் கைக்கு வரும். பதிப்பது ஹிப்போகாம்பஸ், கவனத்தையும் தேடலையும் மேற்பார்வை செய்வது முன்மூளை.

## வயது இதில் எங்கே கைவைக்கிறது

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். நாள்தோறும் லட்சக்கணக்கில் மூளைச் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் கிழவர்களுக்கு மறதி என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. டென்மார்க்கில் கவனமாக எண்ணிப் பார்த்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் மேலுறையில் 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே நரம்பணுக்களின் எண்ணிக்கையில் இருக்கும் வேறுபாடு சுமார் 10 விழுக்காடுதான் என்று காட்டியது. நலமான மூப்பில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. மாறுவது அவற்றின் இணைப்புகள். முன்மூளையில் சினாப்ஸ்கள் குறைகின்றன. நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைப்போல இருக்கும் மையலின் உறை ஆங்காங்கே நைந்து, செய்தி போகும் வேகம் குறைகிறது. முதுமையில் ஹிப்போகாம்பஸும் ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு வரை சுருங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் அளவும் குறைகிறது.

இதனால் அன்றாடத்தில் முதலில் அடிபடுவது வேகம். எழும்பூர் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, வண்டியின் பெயரைப் புரிந்துகொள்ளவே ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால், அந்த நொடிக்குள் நடைமேடை எண் சொல்லி முடிந்துவிடும். அருகில் இருப்பவர், "இப்பதானே சொன்னான், அதுக்குள்ள மறந்துட்டீங்களா" என்பார். அது மறதி இல்லை. எண் வந்து சேரும்போது மூளை முந்தைய சொல்லோடு முடிக்காமல் இருந்தது, அவ்வளவே. முதியவர்களின் மறதி என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு, வேகம் குறைந்ததன் விளைவு என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். இந்த வேகம் இருபது வயதையொட்டியே உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கத் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறக்கம் அறுபதில் தொடங்குவதில்லை. அறுபதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தது வடிகட்டல். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில், வாங்க வேண்டிய நான்கு பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். கூவி விற்பவர் குரல், பாட்டு, இடித்துக்கொண்டு போகும் கூட்டம் எல்லாம் சேர்ந்து மோதுகின்றன. இளம் மூளை இவற்றை வெளியே தள்ளிவிட்டு நான்கு பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். மூத்த மூளையும் அந்த நான்கைக் கவனிக்கிறது; ஆனால் வேண்டாதவற்றையும் உள்ளே விட்டுவிடுகிறது. கலிஃபோர்னியாவில் 2005-இல் நடந்த ஆய்வொன்று இதை அழகாகப் பிரித்துக் காட்டியது: தேவையானதில் கவனம் குவிப்பதில் முதியவர்கள் இளைஞர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள், தேவையற்றதை அடக்குவதில்தான் பின்தங்கினார்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தில் தாத்தாவிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, அவர் மறந்துவிட்டார் என்று கோபித்துக்கொள்வதற்குமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பெயர்கள். எதிரே வருபவரை நன்றாகத் தெரியும், அவர் மகளின் திருமணத்துக்குப் போனது தெரியும், அன்றைய சாப்பாட்டில் என்ன இருந்தது என்றுகூடத் தெரியும்; பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. ஏன் பெயர் மட்டும்? ஒருவர் குயவர் என்று கேட்டவுடன் சக்கரம், களிமண், பானை என்று பத்து நூல்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன. அவர் பெயர் குமரேசன் என்று கேட்டால், அந்த ஒலியையும் அந்த முகத்தையும் இணைப்பது ஒரே ஒரு மெல்லிய இழைதான். இழைகள் தளரும் வயதில், ஒற்றை இழையில் தொங்குவது முதலில் நழுவுகிறது. ஆனால் "கு-வில ஆரம்பிக்கும்" என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் பெயர் சட்டென்று வந்துவிடுகிறது. நான்கு பெயர்களைச் சொல்லி இதில் எது என்று கேட்டாலும் சரியாகச் சுட்டிவிடுகிறார்கள். பொருள் உள்ளேதான் இருந்தது. துணையில்லாமல் தேடி எடுப்பது வயதோடு நன்றாகவே குறைகிறது. பார்த்தவுடன் அடையாளம் காண்பது அந்த அளவுக்குக் குறைவதில்லை. இந்த வேறுபாடு கடைசிப் பகுதியில் மறுபடி தேவைப்படும்.

டி.டி.கே. சாலையை மவுப்ரீஸ் ரோடு என்றும், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றும் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். புதிய பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பல்லாண்டுகள் நடந்து பழகிய பாதை, புதிய பாதையை முந்திக்கொண்டு வாயில் வந்துவிடுகிறது. நிறையத் தெரிந்திருப்பதும் சில நேரம் தேடலைத் தாமதப்படுத்தும்.

சுருக்கமாக: நலமான முதுமையில் வேகம் குறைகிறது, இரைச்சலை வடிகட்டும் திறன் குறைகிறது, துணையில்லாத தேடல் கடினமாகிறது. சேர்த்துவைத்த அறிவு அப்படியே இருக்கிறது.

## கற்கும் கதவு எந்த வயதிலும் சாத்தப்படுவதில்லை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி நம் வீடுகளில் கற்றலுக்கு எதிராகவே அதிகம் பயன்படுகிறது. ஒழுக்கத்தைப் பற்றிச் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ளலாம். மூளையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது தவறு. ஜெர்மனியில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுபது வயதையொட்டியவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழக்கினார்கள். இளைஞர்கள் அளவுக்குத் தேர்ந்தவர்கள் குறைவு. ஆனாலும் கற்றவர்களின் மூளையில், ஹிப்போகாம்பஸ் உட்படச் சில பகுதிகள் அளவிடக்கூடிய அளவுக்கு வளர்ந்திருந்தன. பயிற்சியை நிறுத்தியதும் அந்த வளர்ச்சி வற்றியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 60 முதல் 90 வயது வரையுள்ளவர்களுக்கு, வாரம் சுமார் 15 மணி நேரம் என்ற கணக்கில் மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படக் கலையும் துணி ஒட்டுத்தையலும் கற்பித்தார்கள். கூடிப் பேசி மகிழ்ந்த குழுவைவிடவும், வீட்டில் எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்ட குழுவைவிடவும், கடினமான புதியதைக் கற்ற இவர்களின் நிகழ்வு நினைவு மேம்பட்டிருந்தது என்று 2014-இல் எழுதினார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது "கடினமான", "புதிய" என்ற இரண்டு சொற்கள். ஏற்கெனவே கைவந்த குறுக்கெழுத்தையே நாற்பது ஆண்டு போட்டுக்கொண்டிருப்பது மகிழ்ச்சி தரும்; ஆனால் அதில் புதிதாகப் பாதை விழுவதில்லை.

பேத்தி அன்று எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்பதை நான் பார்த்தேன். கைப்பேசியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "இதை அமுக்கு தாத்தா, அப்புறம் இது, இப்ப இது, அவ்வளவுதான்" என்று பத்து நொடியில் முடித்தாள். அன்போடுதான் செய்தாள். ஆனால் வேகம் குறைந்த மூளைக்கு வேகமாகச் சொன்னாள். பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையின் எழுத்து பொடியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தது அவள் விரல், தாத்தாவின் விரல் இல்லை. பதிவேட்டில் எதுவும் ஏறியிருக்க வழியே இல்லை.

இரண்டாவது முயற்சியில் முறையை மாற்றினோம். எழுத்தின் அளவைக் கூட்டினோம், தொலைக்காட்சியை அணைத்தோம். நுகர்வோர் எண் என்பது அட்டையில் இருக்கும் அதே எண், யுபிஐ ரகசிய எண் என்பது காசோலையில் இடும் கையெழுத்துக்குச் சமம், கடைசியில் வரும் பச்சை டிக் குறிதான் ரசீது என்று அவருடைய கணக்கு அனுபவத்தோடு ஒவ்வொன்றையும் இணைத்தோம். படிகளை அவரே தம் கையெழுத்தில் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். பிறகு கைப்பேசி அவரிடமிருந்து வேறு யார் கைக்கும் போகவில்லை. தவறான இடத்தைத் தொட்டு முழித்தபோதும், பேத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் தமக்கு ஒரு ரீசார்ஜ் செய்தார். மூன்று நாள் கழித்து நாட்குறிப்பைப் பார்க்காமல் செய்ய முயன்று, ஓரிடத்தில் மட்டும் திறந்து பார்த்தார். பத்து நாள் கழித்து எதையும் பார்க்கவில்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட நாள் விட்டு நாள் படிப்பது நிலைக்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவைத்தார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்க முயல்வது நீண்ட நாள் நிற்கும் என்பதை 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் மாணவர்களிடம் உறுதிப்படுத்தினார்கள். தட்டுத்தடுமாறி எடுக்கும் அந்தச் சிரமம்தான் பாதையை ஆழப்படுத்துகிறது. பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்துவது 71 வயதுக்காரருக்கும் பொருந்துகிறது. இன்னும் சில தடவை கூடுதலாகவும், இடையிடையே பொறுமையாக இடைவெளி விட்டும் செய்ய வேண்டும்.

இளையவரையும் முதியவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதிலும் ஒரு பிழை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சிலேட்டில் எழுதி வளர்ந்த ஒருவரையும், தொட்டில் வயதிலேயே தொடுதிரையைத் தடவிய ஒருவரையும் ஒரே தேர்வில் உட்காரவைத்தால், மதிப்பெண் வேறுபாடு முழுவதும் வயதால் வந்தது ஆகிவிடாது. வளர்ந்த காலமும் அதில் கலந்திருக்கிறது. இதைப் பிரித்தறியத்தான் வார்னர் ஷாய் என்பவர் அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதித்துவந்தார். ஒருவரை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலான திறன்களில் திட்டவட்டமான இறக்கம் அறுபது வயதுவாக்கில்தான் தொடங்கியது. அதுவும் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டது.

நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. முதுமை என்றால் மறதி என்று நினைவூட்டிவிட்டுத் தேர்வு வைத்தால் முதியவர்கள் குறைவாகவே செய்கிறார்கள் என்று சோதனைகள் காட்டுகின்றன. "இனிமே மண்டையில ஏறாது" என்று நாள்தோறும் சொல்லிக்கொள்வது பணிவு என்று நினைக்கிறோம். அது கற்றலையே கெடுக்கிறது.

## சேமிப்பும் பராமரிப்பும்

மூளையில் ஒரே அளவு பாதிப்பு இருக்கும் இருவரில் ஒருவர் தடுமாறுகிறார், மற்றவர் சமாளிக்கிறார். படிப்பு, சிந்திக்கவைக்கும் தொழில், பல மொழிப் பழக்கம் ஆகியவை மாற்று வழிகளைக் கட்டித்தருவதால் இது நடக்கிறது என்று கருதுகிறார்கள். இதற்கு அறிதிறன் சேமிப்பு என்று பெயர். ஹைதராபாத்தில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் குலையும் நோய்நிலை) வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த எத்தனையோ சென்னைக் குடும்பங்கள் தமக்குத் தெரியாமலே இந்தச் சேமிப்பைப் போட்டுவந்திருக்கலாம்.

உடலைப் பேணுவதும் மூளையைப் பேணுவதுதான். முதியவர்கள் 120 பேரைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு விறுவிறுப்பாக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுருங்குவதற்குப் பதிலாகச் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, கேட்கும் திறன் குறைவு, பார்வைக் குறைவு முதலிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மதிப்பிட்டது. இதில் காது கேட்கும் கருவியைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லை. காதுக் கருவி என்றால் கௌரவக் குறைவாக நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். சரியாகக் கேட்காத சொல் பதியவும் பதியாது.

வல்லாரைக் கீரையை ருசிக்காகவும் சத்துக்காகவும் தாராளமாகச் சாப்பிடலாம். அது மறதியைப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கைப்பேசியில் மூளைப் பயிற்சி என்று வரும் விளையாட்டுகளும் அந்த விளையாட்டில்தான் நம்மைத் தேர்ந்தவராக்கும்.

## இது வயதில்லை என்று எப்போது ஐயப்பட வேண்டும்

நினைவும் சிந்தனையும் குலைந்து, அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்ய முடியாமல் போகும் நோய்நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அதில் மிகப் பரவலானது, 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. திருப்பிப் பார்த்தால், அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் அது இல்லை.

நலமான முதியவருக்கு எடுத்துக்கொடுத்தால் நினைவு வந்துவிடும் என்று மேலே சொன்னேன். அல்சைமர் நோயில் முதலில் தாக்கப்படும் பகுதிகளில் ஒன்று, புதியதைப் பதிக்கும் அதே ஹிப்போகாம்பஸ். ஆகவே நேற்று நடந்தது பதிவதே இல்லை. எத்தனை குறிப்புக் கொடுத்தாலும் அப்படி ஒன்று நடந்ததாகவே தோன்றுவதில்லை. பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மறுபடி கேட்பது இதனால்தான். குடும்பங்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். "சின்ன வயசுல நடந்ததையெல்லாம் அப்படியே சொல்றாங்களே, ஞாபகசக்திக்கு என்ன குறை" என்று நிம்மதி அடைகிறார்கள். பழையவை எப்போதோ உறுதிப்பட்டு மூளையின் மற்றப் பகுதிகளில் பரவி நிற்பவை; அவை நன்றாக இருப்பதை வைத்து இன்றைய பதிவு நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பழகிய பாதையில் திசை தெரியாமல் போவது, நாற்பது ஆண்டு வைத்த சாம்பாரில் எதற்குப் பிறகு எது என்று குழம்புவது, சில்லறை எண்ணிக் கொடுக்க முடியாமல் திணறுவது, பேச்சில் சாதாரணப் பொருள்களின் சொற்களே காணாமல் போவது, காரணமில்லாமல் குணம் மாறுவது, இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போவது — இப்படி எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. எல்லாம் அல்சைமராகத்தான் இருக்கும் என்றும் பயப்பட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, நீண்ட நாள் எடுக்கும் தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் மறதியாகத் தலைகாட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது அவசர நிலை; நோய்த்தொற்றோ பக்கவாதமோ காரணமாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்னையில் இதற்கு வழியில்லாமல் இல்லை. கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். போகும்போது, கூடவே வசிப்பவர் ஒருவர் உடன் போக வேண்டும். எந்த மாதத்திலிருந்து என்னென்ன மாற்றம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும்.

எங்கள் குடியிருப்பு அம்மாளை மகன் அழைத்துப் போனபோது ஐந்து மாதம் கடந்திருந்தது. இரத்தத்தில் பி12 மிகக் குறைவாக இருந்தது. தூக்க மாத்திரை நான்கு ஆண்டுகளாக யாரும் கேட்காமலே தொடர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகு பேச்சில் தெளிவு கூடியது. ஆயினும் தொடக்கநிலை அல்சைமரும் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இப்போது அவர் கைப்பையில் முகவரியும் மகனின் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு எதிர்வீட்டுப் பெண் உடன் போகிறாள். திரும்பி வந்ததும் வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் பூக் கட்டச் சொல்லித்தருகிறார்; யாருக்குச் சொல்லித்தருகிறோம் என்பதைச் சில நாள்களில் அவர் மறந்துவிடுகிறார், முடிச்சு மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.